பாதிக் கதையில் ஏறியவர்கள்

‘நான் பஸ்ஸில் ஏறினால் தூங்கிவிடுவேன், சார்.’ என் வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களில் மிகச் சின்னது இதுதான். இந்த ஒரு வாக்கியத்தால் ஒரு பெண்ணுக்கு வேலை போனது. அவர் மகளின் நர்சிங் படிப்பு ஒரு வருஷம் நின்றது. உண்மையில் அந்த பஸ்ஸில் நான் ஒரு நாள்கூடத் தூங்கியதில்லை. தூங்க விடாமல் அந்தப் பெண் அதில் கதை சொல்லிக்கொண்டு வருவார். அந்தக் கதைகள் இருந்த புத்தகங்கள் என்னுடையவை. அதை மறைக்கத்தான் பொய் சொன்னேன்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் பழைய இரும்பை உருக்கிக் கம்பி போடும் ஓர் ஆலையில் நான் ஆய்வுக்கூடத்துக்குப் பொறுப்பாளனாக இருந்தேன். வேதியியலில் முதுகலை. அவர் ஆலை வாசலை ஒட்டிய எடைமேடையில் வேலை பார்த்தார். சரக்கோடு வரும் லாரியை நிறுத்தி எடை பார்க்க வேண்டும்; இறக்கிவிட்டு வெறும் வண்டியாகப் போகும்போது மறுபடி எடை பார்த்துச் சீட்டு அடித்துக் கொடுக்க வேண்டும். ஆலை முழுக்க அவருக்கு ‘வேபிரிட்ஜ் அக்கா’ என்றே பெயர். அவரைவிடப் பல வயது மூத்த நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். சொந்தப் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதட்டுமா என்று கேட்கும் தகுதியை நான் இழந்துவிட்டேன்.

எனக்கு ஒரு பலவீனம் உண்டு. மடாலயத்து நூலகத்தில் ஒரு துறவி செத்துக் கிடப்பார். அவர் உள்ளங்கையில் யாருக்கும் புரியாத ஒரு குறி இருக்கும். ஒரு ரகசியச் சபை நூற்றாண்டுகளாக ஒரு சுவடியைக் காவல் காக்கும். அதைப் பார்த்தவனெல்லாம் சாவான். பீடத்துக்கு அடியில் சுரங்கம், சிலைக்குள் வரைபடம், மதத் தலைவருக்கே தெரியாத மதத்தின் மர்மம். இப்படிப்பட்ட நாவல் ஒன்று கையில் கிடைத்தால் சோறு தண்ணீர் வேண்டாம் எனக்கு. தடித்தடியான மொழிபெயர்ப்புகள், பழைய புத்தகக் கடையில் கட்டாகக் கிடைக்கும் மாத நாவல்கள், எதையும் விட்டதில்லை. அதில் ஒரு வரிகூட உண்மை இருக்காது என்று தெரியும். அதனால்தான் அத்தனை சுகமாக இருந்தது.

ஆனால் வெளியே நான் வேறு ஆள். பொன்னேரியில் ஒரு கோயில் திருப்பணிக் குழுவில் இருந்தேன். மார்கழியில் சுற்று வட்டார ஊர்களுக்குப் போய்ச் சொற்பொழிவு செய்வேன். நெற்றி நிறைய திருநீறு. இந்த மனிதர் ராத்திரியில் படிப்பது சாமியார்கள் கோயில் பொக்கிஷத்தைக் கொள்ளையடிக்கும் கதை என்று தெரிந்தால் என்ன ஆகும்? ஆகவே எல்லாப் புத்தகத்துக்கும் பழுப்புக் காகித அட்டை போட்டு, மேலே ‘உலோக வேதியியல்’ என்று என் கைப்பட எழுதிவைத்திருந்தேன். பாகம் ஒன்று, பாகம் இரண்டு என்று போய்க்கொண்டே இருந்தது.

அவர் என்னைப் பிடித்தது இப்படித்தான். ஒரு நாள் வந்து நின்ற இரும்பு லோடில் மாதிரி எடுக்கப் போனவன், புத்தகத்தை எடைமேடை அறையில் மறந்து வைத்துவிட்டேன். ஞாபகம் வந்து ஓடினேன். வெளியே மூன்று லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. உள்ளே அவர் அதை மடியில் வைத்துக்கொண்டு, தலையைத் தூக்காமல் கேட்டார்.

“சார், இன்னா பாடம் சார் இது. நாலாம் பக்கத்துலயே சாமியார போட்டுத் தள்ளிட்டான்.”

எனக்கு வேர்த்துவிட்டது. கதவைச் சாத்தினேன். யாரிடமும் சொல்லக் கூடாது என்று கெஞ்சினேன், ஆய்வுக்கூடத் தலைவர், எடைமேடைப் பெண்ணிடம். அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஒங்க பேரு என் வாயில வராது சார் என்று சத்தியம் செய்தார். ஒரே நிபந்தனை, படித்து முடித்ததும் ஒவ்வொன்றும் தனக்கு வர வேண்டும். அடுத்த பாகத்தை எப்போது கொண்டுவருவீர்கள் என்று கையோடு கேட்டார். இப்படி எங்கள் நூலகம் ஆரம்பித்தது.

அவர் படிக்கும் விதமே தனி. சுரங்கத்துக்குள் கதாநாயகன் விளக்கு இல்லாமல் இறங்கும் இடத்தில் ஒரு லாரி வந்து நிற்கும். பக்கத்தில் எடைச்சீட்டைச் செருகி மூடிவிட்டு, டிரைவருக்குத் தெலுங்கில் ஒரு திட்டு, தமிழில் ஒரு திட்டு கொடுத்து எடை போட்டு அனுப்பிவிட்டு, மறுபடி சுரங்கத்துக்குள் இறங்குவார். அவர் திருப்பித் தரும் புத்தகங்களில் எடைச்சீட்டுகளும் கடலைத் தோலும் உதிரும். எந்த லாரி வந்தபோது எந்தக் கொலை நடந்தது என்று அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

அவர் மாதா கோயிலுக்குப் போகிறவர். நெல் வயலில் கூலிக்குப் போன குடும்பம், அவர் தலைமுறையில்தான் ஆலை வேலை. திருவிழாவில் தேருக்குப் பூ அலங்காரம் அவர் பொறுப்பு. அந்த ஒன்பது நாளும் கவிச்சி தொடமாட்டார். ஆனால் கதையில் கார்டினல் மாதிரி ஒரு பெரிய பாதிரியார் கள்ளத்தனம் செய்தால் அவருக்குத் தனி சந்தோஷம். புத்தகத்தைத் திறக்கும் முன் சிலுவை போட்டுக்கொள்வார். ஏன் என்று ஒரு தடவை கேட்டேன். லாரிக்காரன் வண்டி எடுக்கும்போது டயருக்கு எலுமிச்சம்பழம் வைக்கிறானே, அது மாதிரிதான் என்றார். தூரப் பயணம், போய்விட்டுப் பத்திரமாகத் திரும்ப வேண்டும்.

எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது. நான் இந்தப் புத்தகங்களைக் குற்றவாளியைப் போலப் படித்தேன். படித்து முடித்ததும் பூஜை அறைப் பக்கம் போகக் கொஞ்சம் கூசும். அவருக்கு அந்தக் கூச்சமே கிடையாது. ஒரு நாள் பஸ்ஸில் கேண்டீனில் வேலை செய்யும் பெண் ஒருத்தி, சாமியைப் பற்றி இப்படியெல்லாம் சொல்கிறாயே, பாவம் இல்லையா என்று கேட்டாள்.

“சாமிய பத்தி நான் எங்கடி பேசுனேன். சாமிய வெச்சி பொழைக்கிற திருட்டுப் பசங்கள பத்தி பேசிக்கினு வரேன். மாதாவுக்கு அவனுங்கள நம்மளவிட நல்லா தெரியும்.” கொஞ்சம் கடலையை வாயில் போட்டுக்கொண்டு மேலும் சொன்னார்: “அது ஜெபம். இது நொறுக்குத் தீனி. ரெண்டையும் ஒரே டப்பால போடுவியா நீ.”

பஸ்ஸில்தான் அவர் முழு வடிவம் எடுப்பார். கம்பெனி பஸ் பொன்னேரியில் கிளம்பும். டிரைவருக்குப் பக்கத்தில், என்ஜின் மேல் மூடியில் ஒரு மடித்த கோணியைப் போட்டு, எங்களைப் பார்த்தபடி அவர் உட்கார்ந்துகொள்வார். ரயில்வே கேட் தாண்டியதும் தொண்டையைச் செருமுவார். அத்தனை போனும் சட்டைப் பைக்குள் போய்விடும். நான் இரண்டாவது வரிசையில், கையில் செய்தித்தாளோடு, ஒரு வரியும் படிக்காமல் உட்கார்ந்திருப்பேன். நான் ஏற்கெனவே படித்த கதை அது. முடிவு எனக்குத் தெரியும். இருந்தும் நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

ஆரம்பத்தில் புத்தகத்தில் உள்ளபடியே சொல்லிக்கொண்டிருந்தார். இத்தாலியில் ஒரு மலை, மலைமேல் ஒரு மடம் என்று தொடங்கினால், ஃபிட்டர் ஒருவர் அது எங்க கீது, ஆந்திராவுலயா என்று குறுக்கே கேட்பார். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தார். மூன்றாம் நாள் கதையையே இங்கே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். மேற்கே மங்கலாகத் தெரியும் மலை, மடம் இருக்கும் மலை ஆனது. மூடிக் கிடக்கும் ஆலையின் புகைபோக்கி, மணிக்கூண்டு. நெடுஞ்சாலை ஓரத்துக் குளிர்பதனக் கிடங்கு, ரகசியச் சபை கூடும் இடம். கொலைகாரன் கன்டெய்னர் லாரியில் போனான், அந்த லாரி நிஜமாகவே எங்களை முந்திக்கொண்டு போய்க்கொண்டிருக்கும். ஜன்னல் வழியே கை காட்டிக் காட்டி அவர் சொல்லும்போது பஸ்ஸே ஒரு பக்கம் சாயும். சபைத் தலைவனுக்கு எங்கள் ஸ்டோர்ஸ் அதிகாரியின் நடையைக் கொடுத்தார். இடது தோளை இறக்கிக்கொண்டு ஒரு நடை. ஸ்டோர்ஸ் அதிகாரியே கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகுதான் எதற்கு எல்லோரும் தன்னைப் பார்க்கிறார்கள் என்று யோசிக்க ஆரம்பித்தார்.

புதுவாயலில் இன்னும் பத்துப் பதினைந்து பேர் ஏறுவார்கள். அவர்களுக்கு முன் பாதி தெரியாது. அதனால் பஸ் அங்கே நின்றதும் ஒரு வழக்கம் வைத்திருந்தார். ரயில் நிலைய அறிவிப்பு போல ஒரே மூச்சில் முன்கதையைக் கொட்டுவார். இன்னார் செத்தார், இன்னார் கையில் சாவி இருக்கிறது, இவனை நம்பாதே, இது இன்ன ஊர் புத்தகத்துக் கதை, ஏறி உட்கார். அதற்குப் பிறகுதான் கதை மேலே போகும்.

கடைசியாக அவர் சொன்னது ஏழு சாவிக்காரர்கள் கதை. ஒரு தீவில் ஒரு புனிதவதியின் சிற்றாலயம், அதன் பீடத்துக்குக் கீழே ஒரு கல்பெட்டி, பெட்டிக்குள் ஒரு செப்புத் தகடு. அதை ஏழு பேர் காவல் காக்கிறார்கள். புத்தகத்தில் அது ஏதோ ஒரு குளிர்நாட்டுக் கடல். இங்கே தீவுக்கு எங்கே போவது? புதுவாயல் தாண்டியதும் இடது பக்கம் ஏரிக்கரையில் ஓர் அம்மன் கோயில் ஜன்னலில் வந்து போகும். சிற்றாலயம் அங்கே வந்து இறங்கியது. கேட்டுக்கொண்டிருந்த எங்கள் எல்லோருக்கும் அது கதையென்று தெரியும். அந்த ஊர்க்காரர்களே இரண்டு பேர் பஸ்ஸில் இருந்தார்கள். எங்க கோயில்ல பொட்டி இருந்தா நாங்க ஏன் உங்கூட வேலைக்கு வரோம் என்று அவர்களே கிண்டல் செய்தார்கள்.

அன்றைக்குச் சாலையில் மேம்பால வேலை. புதுவாயலில் பஸ் வழக்கமான இடத்தில் நிற்கவில்லை. ஊர்ந்துகொண்டே ஆட்களை ஏற்றிக்கொண்டது. கதை உச்சத்தில் இருந்தது. முன்கதை சொல்ல நேரம் இல்லை. புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த வெல்டர் ஒருவர் அன்று ஏறினார். நன்றாகக் கதை சொல்கிறாரே என்று போனில் பதிவு செய்தார். ஜன்னலில் அம்மன் கோயில் வந்தது. அக்கா குரலை இறக்கி, ஏழாவது சாவிக்காரனாகவே மாறிப் பேசினார்.

“தோ தெரியுது பாரு கோயிலு. அதும் கருவறைக்குக் கீழ பொட்டி கீது. அது அவங்களோடது இல்ல. நம்ம ஆளுங்களோடது. ஒரு நாள் தோண்டி எடுக்கத்தான் போறோம்.”

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அப்படி ஒரு குரல். வெல்டர் அதைத் தன் வீட்டுக்கு அனுப்பினார். அங்கிருந்து அது யார் யாருக்கோ போனது. ஏழு சாவிக்காரர்கள் போய்விட்டார்கள், தீவு போய்விட்டது, அந்த ஒரு துண்டு மட்டும் மிஞ்சியது. மாதா கோயிலுக்குப் போகிற ஒரு பெண், எங்கள் அம்மன் கருவறையைத் தோண்டப் போவதாகச் சொல்கிறாள். அந்த ஊரில் அப்போது கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்திருந்தார்கள்.

மூன்றாம் நாள் காலை ஆலை வாசலில் அந்த ஊர்க் கூட்டம். எடைமேடை வாசலில்தானே இருக்கிறது, அவர் அறையைச் சுற்றி நின்றுவிட்டார்கள். எங்கள் பஸ்ஸில் வரும் அந்த ஊர்க்காரர்கள் இருவரும் ஊருக்குப் பயந்து அன்று வேலைக்கே வரவில்லை. லாரிகள் நெடுஞ்சாலை வரை வரிசை கட்டின. பொது மேலாளர் ஊர்த் தலைவரையும் இன்னும் இரண்டு பேரையும் மட்டும் தன் அறைக்கு அழைத்தார். அக்காவை அழைத்தார். பிறகு என்னையும் அழைத்தார், ஊர்த் தலைவர்தான் என்னைக் கூப்பிடச் சொல்லியிருக்கிறார். போன மார்கழியில் அந்த அம்மன் கோயில் மண்டபத்திலேயே நான் சொற்பொழிவு செய்திருந்தேன். சார் சொன்னா நாங்க கேட்டுக்கறோம் என்றார் அவர்.

அவர்கள் என்னை நம்பத் தயாராக வந்திருந்தார்கள். ஒரு வார்த்தை போதும்.

அக்கா அது கதைப் புத்தகம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். என்ன புத்தகம், எங்கே, யார் கொடுத்தது என்று மேலாளர் கேட்டார். அதற்கு மட்டும், கதைதான் சார் என்று முன்னே சொன்னதையே மறுபடி சொன்னார். முந்தின நாள் மாலைதான் புத்தகத்தை என்னிடம் திருப்பிக் கொடுத்திருந்தார். அது கீழே என் மேஜை இழுப்பறைக்குள், ‘உலோக வேதியியல்’ அட்டையோடு கிடந்தது. மேலாளர் என் பக்கம் திரும்பினார். சார், நீங்களும் அதே பஸ்ஸில்தானே வருகிறீர்கள், இந்த அம்மா கதைதான் சொன்னார்களா?

அக்கா என்னை ஒரு முறை பார்த்தார். ஊர்த் தலைவர் என் நெற்றியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு என் திருப்பணிக் குழு ஞாபகம் வந்தது, மண்டபத்தில் எனக்குப் போட்ட மாலை ஞாபகம் வந்தது. நான் சொன்னேன்: “நான் பஸ்ஸில் ஏறினால் தூங்கிவிடுவேன், சார்.”

அக்கா பார்வையைத் திருப்பிச் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்க்க ஆரம்பித்தார். மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள், கேட்டார். கொஞ்ச நாள் வர வேண்டாம், சொல்லி அனுப்புகிறோம் என்றார் மேலாளர். ஒப்பந்த வேலைதான். யாரும் சொல்லி அனுப்பவில்லை.

அன்று மாலை பஸ்ஸில் அவர் பழக்கத்தில் என்ஜின் மேலேயே வந்து உட்கார்ந்தார். புத்தகமே கிடையாது, மனசில் இருந்ததைத்தான் சொன்னார் என்று அதற்குள் ஆலை முழுக்கப் பேச்சாகியிருந்தது. எதிரே இருந்த பெண்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். கேண்டீன் பெண் பையை எடுத்துக்கொண்டு பின் இருக்கைக்குப் போனாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். கண்ணைத் திறந்தபோது புதுவாயல், அவர் இறங்கிப் போய்க்கொண்டிருந்தார், அவர் ஊருக்கு இன்னும் எத்தனையோ தூரம் இருந்தது.

கொஞ்ச நாளில் நான் ஓய்வு பெற்றேன். பிரிவு விழாவில் என் நேர்மையைப் பற்றி மூன்று பேர் பேசினார்கள். மகளுக்குக் கட்டணம் கட்ட முடியாமல் அக்கா படிப்பை நிறுத்தியதும், ஒரு வருஷம் கழித்துத்தான் மறுபடி சேர்த்ததும் பஸ் டிரைவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதற்கப்புறம் என்னால் அந்த நாவல்களைப் படிக்க முடியவில்லை. எடுத்தால் எழுத்தெல்லாம் அவர் குரலில் கேட்கும். ஒரு பக்கத்தில் எடைச்சீட்டு இருக்கும். மூடிவிடுவேன்.

இப்படியே இரண்டு மார்கழி போனது. ஒரு நாள் எழுந்து, எந்த இடத்தில் மானம் போகும் என்று பயந்தேனோ அங்கேயே முதலில் போனேன். திருப்பணிக் குழுக் கூட்டத்தில், கணக்கு வழக்கெல்லாம் முடிந்தபின், எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். பழுப்பு அட்டையை உரித்துப் புத்தகத்தை மேஜையில் வைத்தேன். அட்டைப்படத்தில் ரத்தம் சொட்டும் ஒரு சாவி. குழு கொஞ்ச நேரம் அதையே பார்த்தது. பிறகு பொருளாளர் அதைக் கையில் எடுத்துப் புரட்டினார்.

“இந்த மாதிரி இன்னும் கீதா சார் உங்களாண்ட? ஊட்டுல பொழுது போவாம பேஜாரா கீது.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்க வேண்டும். எனக்கு உட்காரக்கூட முடியவில்லை. இவ்வளவுதானா? இதைக் காப்பாற்றவா அவரைக் கைவிட்டேன்?

அடுத்து அந்த ஊருக்குப் போனேன். ஊர்த் தலைவர் நெல் அறுப்பு வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். நின்றபடியே கேட்டார். அவருக்குக் கோபம் வந்தது, கத்தவில்லை.

“இத அன்னிக்கே சொல்லியிருந்தா, நாங்க ஆளுக்கு ஒரு டீய குடிச்சிட்டு போயிருப்போம் சார். ஒரு பொம்பளைய நாங்க மன்னிப்பு கேக்க வெக்கிற மாதிரி பண்ணிட்டீங்களே.”

நான் திரும்பி நடந்தேன். பின்னாலேயே வந்து கூப்பிட்டார். கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார், அந்தப் பெட்டிக்குள் கடைசியில் என்னதான் இருந்தது. வரப்பில் நின்று நான் சொல்ல ஆரம்பித்தேன். சொல்லத் தெரியவில்லை எனக்கு. பாதியில் அவருக்குக் கொட்டாவி வந்துவிட்டது.

ஆலை மேலாளரிடமும் சொன்னேன். ஊருக்கு ஆட்சேபம் இல்லையென்றால் அவர் வேலைக்குத் திரும்பலாம் என்றார். ஊர்த் தலைவரே போனில் பேசினார். அந்தச் செய்தியைத் தூக்கிக்கொண்டு, பரிசு கொண்டுபோகிறவன் மாதிரி, வள்ளூருக்குப் போனேன். அனல் மின் நிலையத்துச் சாம்பல் ஏற்றிப் போகும் லாரிகளுக்கு அங்கே ஒரு தனியார் எடைமேடை. அக்கா இருந்தார். தலையிலும் புடவையிலும் சாம்பல் படிந்து, ஆள் ஒரு சுற்று இளைத்திருந்தார். தூசி கீது, தொடச்சிட்டு ஒக்காருங்க சார் என்றார்.

எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் ஒரு லாரி வந்தது. எடை போட்டு அனுப்பினார். நான் முடித்தபின் சீட்டுக்கட்டை ஓரம் தட்டி அடுக்கினார்.

“நம்ம கதைங்கள்ல கடைசில மாட்றவன் யாரு சார். ரொம்ப மரியாதையா பேசிக்கினு, எல்லாருக்கும் நல்லது சொல்லிக்கினு இருப்பான் பாருங்க, அவன்தான். அன்னிக்கி ரூம்ல நீங்க வாய தொறக்கசொல்லவே எனக்கு தெரிஞ்சிபோச்சி.”

“அப்புறம் ஏன்மா என் பேரைச் சொல்லல?”

“சொல்லமாட்டேன்னு சொல்லியிருந்தேன்ல.”

ஆலை வேலையைப் பற்றிச் சொன்னேன். வேண்டாம் என்றார். இங்கே பழகிவிட்டது, லாரிக்காரப் பிள்ளைகள் நன்றாக நடந்துகொள்கிறார்கள். நான் மகளைப் பற்றி ஏதோ கேட்க ஆரம்பித்தேன். கையை உயர்த்தி நிறுத்தினார். “அவ ஒரு வருசம் ஊட்டுல ஒக்காந்து செவுத்த பாத்துக்கினு இருந்தா சார். அத நீங்க குடுக்க முடியாது. விடுங்க.”

நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். அதற்கு அவர் உடனே பதில் சொன்னார். ரொம்ப நாளாகத் தயாராக வைத்திருந்த பதில் போல இருந்தது.

“மேனேஜருகிட்ட சொல்றது, ஊருகிட்ட சொல்றதுலாம் உங்க மனசுக்கு. பஸ்ல சொல்லுங்க. என்கூட ஒக்காந்து கடல துன்னவங்க மொகத்த திருப்பிக்கினாங்க பாருங்க. அவங்ககிட்ட.”

ஓய்வு பெற்றவனுக்குக் கம்பெனி பஸ்ஸில் இடம் கிடையாது. டிரைவரிடம் கேட்டேன். மறுநாள் காலை பொன்னேரியில் ஏற்றிக்கொண்டார். புதுவாயலில் எல்லோரும் ஏறும்வரை காத்திருந்து, என்ஜின் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று சொன்னேன். புத்தகம் என்னுடையது, கதை புத்தகத்தில் இருந்தது, நான் தூங்கவில்லை, ஒரு நாளும் தூங்கவில்லை. பின்னால் இருந்து அந்த வெல்டர் எழுந்தார். நான்தான் ரெக்கார்டு பண்ணேன் சார், எங்க அம்மாவுக்கு போட்டுக் காட்ட என்று சொல்லி, உட்காரத் தெரியாமல் நின்றுகொண்டிருந்தார். கேண்டீன் பெண் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அக்கா நம்பர் யாரிடம் இருக்கிறது என்று கேட்டாள்.

டிரைவரிடம் இருந்தது. ஸ்பீக்கரில் போட்டார்கள். அந்தப் பக்கம் லாரி என்ஜின் சத்தம். யாரு என்று குரல் கேட்டது. கேண்டீன் பெண்தான் போன் பக்கம் குனிந்து பேசினாள்.

“அக்கா, நாங்கதான். எல்லாரும் கீறோம். அந்த ஏழாவது சாவிக்காரன் இன்னா ஆனான்க்கா?”

அந்தப் பக்கம் என்ஜின் சத்தம் நின்றது. வைத்துவிட்டார் என்று நினைத்தேன். பிறகு தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. புதுசா யாராவது ஏறியிருக்கிறார்களா என்று விசாரித்தார். ஏறியிருக்கிறார்கள் என்றார்கள். அப்ப மொதல்ல இருந்து வரேன் என்று ஒரே மூச்சில் முன்கதையைத் தொடங்கினார். கை தட்டினார்கள், சிரித்தார்கள், இரண்டு பேர் அழுதார்கள். டிரைவர் வேகத்தைக் குறைத்துவிட்டார். நான் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக்கொண்டேன். நான் இறங்கியதை யாரும் கவனிக்கவில்லை.

இப்போது அந்த பஸ்காரர்களுக்கென்று ஒரு வாட்ஸப் குழு இருக்கிறது. பஸ் ஓடும் நாளெல்லாம் காலையில் அக்கா ஒரு பகுதியைக் குரல் பதிவாக அனுப்புகிறார். ஒவ்வொரு நாளும் முதலில் இது கதை, எந்தக் கோயிலுக்கும் எந்த மாதா கோயிலுக்கும் இதில் சம்பந்தம் இல்லை, பாதியில் கேட்கிறவர்கள் முதலிலிருந்து கேட்கவும் என்று சொல்லிவிடுகிறார். வள்ளூர் லாரிக்காரர்களும் சேர்ந்துவிட்டார்களாம். அந்த ஊர்த் தலைவரும் இருக்கிறாராம்.

நான் அதில் இல்லை. என்னைச் சேர்க்கலாமா என்று அக்காவிடம் கேட்டுப் பார்க்கும்படி டிரைவரிடம் சொன்னேன். கேட்டேன் சார், அவரு வாணாம்னு அக்கா சொல்லிச்சி என்றார். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

ஆனால் வெல்டருக்கு இப்போது இரவு ஷிஃப்ட். வேலை முடிந்து புதுவாயல் டீக்கடையில் நிற்பார். நான் பொன்னேரியிலிருந்து பஸ் பிடித்துப் போய்விடுவேன். போனை இரண்டு பேருக்கும் நடுவில் வைத்துக்கொண்டு கேட்போம். இது புதுக் கதை, எந்தப் புத்தகத்திலும் இல்லாதது. எனக்குத் தெரியாமல் இந்த வகையில் ஒரு புத்தகம் இருக்க முடியாது. ஆகவே இது அவரே கட்டியது. ஒரு பாழடைந்த மடம், அதற்குள் மூன்று மதத்துச் சாமியார்கள், மூன்று பேருமே போலி. மூவரில் ஒருவன் கொலைகாரன். என் அனுமானம் ஒவ்வொரு நாளும் தவறிக்கொண்டே போகிறது.

நேற்றைய பகுதியில், மூவரில் குள்ளமான சாமியார் கிணற்றிலிருந்து ஒரு கோணிப்பையைத் தூக்கிப்போட்டு வாயை அவிழ்த்தார். உள்ளே இருந்து ஒரு கை வெளியே வந்து அவர் காலைப் பிடித்தது. அங்கே அக்கா நிறுத்திவிட்டார்.

இன்று ஞாயிறு. கம்பெனி பஸ் கிடையாது, கதையும் வராது. யாருடைய கை என்று காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.